ஆரணித் தறியும் அறிமுகமில்லாத அக்காவும்

ஆரணி என்றால் எங்கள் வீட்டில் இரண்டு விஷயம்தான். களம்பூர் பொன்னி அரிசி, பட்டுப்புடவை. அரிசி இவர் பொறுப்பு. புடவை என் பொறுப்பு. போன தை மாதம் அந்தப் பொறுப்பில் நான் கோட்டை விட்டேன்.

கைபேசியில் ஒரு பெண் புடவையைப் பிரித்துக் காட்டி, "அக்கா, அசல் ஆரணிப் பட்டு! நானே கட்டியிருக்கேன்" என்றாள். கனிவான முகம். 4,800 ரூபாய் அனுப்பிவிட்டேன். வந்த புடவையில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். பட்டாக இருந்தால் தலைமுடி கருகுகிற வாடை வரும். சாம்பல் விரலில் பொடியாகும். இதுவோ உருகிக் கடுகு மாதிரி கெட்டியாகிவிட்டது. என் நாத்தனார் சிரித்த சிரிப்பை எழுத வேண்டாம்.

அவள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வந்ததும், "இந்தத் தடவை நேர்லயே போயிடலாம் அண்ணி" என்றாள். வேலூரில் பஸ் மாறிப் போனோம். கமண்டல நாகநதிக் கரையில் ஊர். நாங்கள் போன அன்று ஆற்றில் மணல்தான்.

தெரிந்தவர் சொன்ன நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தோம். தறிக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள் மாலையாகத் தொங்க, வீட்டுக்காரர் மிதித்து மிதித்து நெய்துகொண்டிருந்தார். மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தவர், எழுந்து காபி கலந்து கொடுத்தார். காஞ்சிபுரம் பட்டைவிட ஆரணிப் பட்டு லேசு, பொதுவாக ஜரிகையும் குறைவு. அதனால் நம் கைக்கு எட்டும். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

"வியாபாரம் எப்படிம்மா?" என்றேன்.

"கூலிக்கு நெய்யறப்போ யார் கட்டறாங்கன்னே எங்களுக்குத் தெரியாதும்மா. ஒரு டீச்சர் எங்ககிட்ட வாங்கின புடவையைக் கட்டி, அவங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டாங்க. அந்த ஒரு போட்டோவுக்கு ஏழு புடவை போச்சு" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. உடனே வாடியும் போனார். "அதே போட்டோவை யாரோ எடுத்துப் பாதி விலைன்னு போட்டுட்டாங்க. வாங்கி ஏமாந்தவங்க எங்களைத் திட்டறாங்க."

என் முகத்தில் ஈ ஆடவில்லை. நான் மயங்கின படமும் யார் வீட்டுத் தறியில் எடுத்ததோ!

அந்தக் காலத்தில் எதிர் வீட்டு மாமி சொன்னால் வாங்குவோம். சாயம் போனால் மாமியையே கேட்கலாம். இப்போது மாமி இருந்த இடத்தில் முன்பின் தெரியாத அக்கா. தேடுவதே மாறிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு இடம் தேடும் இளைஞர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூகுளை விட்டு இன்ஸ்டாகிராம், டிக்டாக் பக்கம் போகிறார்கள் என்று 2022-ல் கூகுளின் பிரபாகர் ராகவனே சொன்னார். (டிக்டாக்குக்கு நம் நாட்டில் 2020-லேயே தடை.) சாப்பாட்டுக்கே அப்படியென்றால் புடவைக்குக் கேட்பானேன்?

பணமோ, இலவசப் புடவையோ வாங்கிக்கொண்டு சிபாரிசு செய்தால், அதைப் பேசுகிற மொழியிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. சொல்கிறார்களா என்று நாம்தான் பார்க்க வேண்டும். மத்தியப் பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' சீட்டையும் கேளுங்கள். அது பட்டுக்குத்தான் உத்தரவாதம், கைத்தறிக்கு அல்ல. அதற்கு அந்த அம்மாள் ஒரு வழி வைத்திருக்கிறார்: "வீடியோ கால்ல தறியைக் காட்டுன்னு கேளுங்கம்மா. தறி இருக்கறவ காட்டுவா."

மயில்கழுத்து நிறத்தில் ஒன்று எடுத்தோம். நிச்சயதார்த்தத்தன்று அதைக் கட்டிக்கொண்டு நின்றவள், "அத்தை, போட்டோவைக் குரூப்ல போடட்டுமா?" என்றாள்.

"போடு. நெய்தவங்க பேரையும் போன் நம்பரையும் அவங்களைக் கேட்டுட்டுச் சேர்த்துப் போடு."

"காசு வாங்கினீங்களான்னு கேட்டா?"

"ஆளுக்கு ஒரு காபி வாங்கினோம்னு எழுதிடு" என்றேன்.