லிவர்மோர் நாட்கள் - 5: பாய் விரித்தவர்கள்

லிவர்மோரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சிவா விஷ்ணு கோயில்தான். வடநாட்டுச் சிகரமும் தென்னாட்டு விமானமும் ஒரே கூரை வரிசையில் நிற்கும் அந்தக் கோயிலைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இந்த ஞாயிறு எங்கள் வண்டி அந்தப் பக்கம் போகவில்லை. தங்கை மகளுக்குச் சான் ஹோசேயில் ஜூடோ போட்டி. பதினொரு வயதுப் பெண். மூன்று நாளாக வீட்டில் அதே பேச்சு. "மாமா, நீங்களும் வரணும். கைதட்டக் கூடாது, சத்தமா என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்" என்று எனக்கு முன்கூட்டியே விதிமுறை சொல்லிவிட்டாள்.

லிவர்மோர் பெரிய பெயர் எடுத்த சிறிய ஊர். இங்குள்ள தேசிய ஆய்வுக்கூடத்தின் பெருமைக்காக 116ஆம் தனிமத்துக்கு 2012இல் லிவர்மோரியம் என்று பெயர் வைத்தார்கள். 1901 முதல் எரிந்துகொண்டிருக்கும் மின்விளக்கு ஒன்று இங்குள்ள தீயணைப்பு நிலையத்தில் தொங்குகிறது. மக்கள்தொகை என்னவோ ஒரு லட்சத்தைத் தொடவில்லை. பிள்ளைகளின் பெரிய போட்டிகளுக்குச் சான் ஹோசேக்குத்தான் போகவேண்டும். அங்கே பத்து லட்சம் பேர். 1777இல் ஸ்பானியர் காலத்தில் தோன்றிய ஊர். லிவர்மோரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஏஸ் ரயில் உண்டு, ஆனால் அது வேலைக்குப் போய்வருவோருக்காக ஓடும் வண்டி. ஞாயிற்றுக்கிழமைக்குக் கார்தான்.

மாப்பிள்ளை நெடுஞ்சாலை 580ஐ விட்டுவிட்டு 84ஆம் எண் சாலையைப் பிடித்தார். பிப்ரவரி மாதம். திராட்சைக் கொடிகள் இலையுதிர்ந்து கட்டை கட்டையாக நிற்க, வரிசைகளுக்கு இடையே கடுகுப்பூ மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. கோடையில் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடக்கும் இந்தக் குன்றுகள் மழைக்குப் பிறகு சில மாதங்கள் மட்டும் இப்படிப் பச்சையாக இருக்குமாம். சுனோல் தாண்டி 680இல் ஏறினால் இடப்பக்கம் மிஷன் சிகரம். அதற்கப்புறம் பச்சை முடிந்து சுவரும் கூரையும் தொடங்கின.

போட்டி ஒரு பள்ளியின் விளையாட்டு அரங்கில். வாசலிலேயே எடை பார்க்கும் வரிசை. ஒவ்வொரு பிள்ளையும் எடைக்கருவியில் ஏற, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதியவர் எண்ணைக் கையால் எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அம்மையார் அதையே கணினியில் ஏற்றினார். எடை முடியும்வரை தங்கை மகளுக்குச் சாப்பாடு கிடையாது. முடிந்த மறு நிமிடம் தங்கை ஹாட்பாக்ஸைத் திறந்தாள். இட்லியும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியும். எங்களுக்கு அடுத்திருந்த ஜப்பானியப் பாட்டி தன் பேரனுக்கு அரிசி உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு இட்லி போயிற்று, இந்தப் பக்கம் இரண்டு உருண்டை வந்தது.

அரங்கின் தரை முழுக்கத் தத்தாமிப் பாய். நான்கு களங்கள். போட்டி தொடங்குமுன் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக விழுந்து பழகினார்கள். முன்னால் விழுவது, பின்னால் விழுவது, பக்கவாட்டில் உருண்டு விழுவது. தலை தரையில் படாதபடி மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, விரித்த கையால் பாயை ஓங்கி அறைகிறார்கள். விழும் வேகத்தைக் கை வாங்கிக்கொள்கிறது, முதுகு தப்புகிறது. நூறு பிள்ளைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் பாயை அறையும் அந்த ஓசையை நான் எங்கும் கேட்டதில்லை. ஜூடோவில் எறிவதைக் கற்றுக்கொடுப்பதற்கு வெகுநாள் முன்னால் விழுவதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

முதல் ஆட்டத்தில் எங்கள் பெண் தோற்றாள். எதிராளி இவளைவிட ஒரு சாண் உயரம். இருவரும் ஒருவர் சட்டைக் கழுத்தை மற்றவர் பிடித்து, மற்றொரு கையால் முழங்கைத் துணியைச் சுருட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள். திடீரென்று அந்தப் பெண் ஒரு அடி முன்வந்து, இவள் வலது காலுக்குப் பின்னால் தன் காலைப் பெருக்கினாள். இவள் முதுகு பாயில் படாரென்று விழுந்தது. நடுவர் கையை நேரே மேலே தூக்கினார். "இப்போன்". முழுப் புள்ளி, ஆட்டம் முடிந்தது. எழுந்து, அவிழ்ந்த இடைக்கச்சையைக் கட்டிக்கொண்டு, இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். அழுகை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை.

இரண்டாவது ஆட்டம் வேறு கதை. இவளே எறிந்தாள். பாதி எறிதான், புள்ளி கிடைக்கவில்லை. ஆனால் எதிராளி எழுவதற்குள் மேலே பாய்ந்து, கழுத்தை ஒரு கையாலும் புஜத்தை மறு கையாலும் வளைத்து, தன் மொத்த எடையையும் அவள் மார்பில் இறக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிடியில் இருபது விநாடி வைத்திருந்தால் வெற்றி. பலகையில் எண் ஓடுகிறது. பத்து, பதினைந்து. கீழே இருந்த பெண் பாலம்போல் வளைந்து எகிறுகிறாள். இவள் கால்களை அகலப் பரப்பி எடையை மாற்றிக்கொண்டே இருந்தாள். இருபது விநாடி இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. அவள் ஜெயிப்பதற்குள் பேரைச் சொல்லிக் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

பெண்பிள்ளைகள் இப்படி ஆடும் பாய் சும்மா வந்ததில்லை. 1959இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு ஒய்எம்சிஏ ஜூடோப் போட்டிக்குப் புரூக்ளினைச் சேர்ந்த ரஸ்டி கனோகோகி என்ற பெண் ஆண்போல முடி வெட்டி, மார்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போனார். தன் ஆட்டத்தில் ஜெயித்தார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 1980இல் நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோப் போட்டியை அவரே முன்னின்று நடத்தினார். 1992இல் பெண்கள் ஜூடோ ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது. என் தங்கை மகள் சட்டமாக மேசையில் பேர் கொடுத்து எடை பார்த்துவிட்டு ஆடுவதற்கு அவரைப் போன்றவர்கள் பட்ட பாடு பின்னால் இருக்கிறது.

அடுத்த ஆட்டத்துக்கு நேரம் இருந்தது. மாப்பிள்ளை என்னைச் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனார். "ஜூடோ பார்க்க வந்துட்டு அந்தக் கட்டடத்தைப் பார்க்காமப் போகக் கூடாது மச்சான்" என்றார். கட்டடத்தின் பெயர் யோஷ் உச்சிடா மண்டபம். அமெரிக்க ஜூடோ என்று ஒன்று இருப்பதற்கு முக்கியமான காரணம் இந்த மனிதர்.

உச்சிடா 1920இல் கலிபோர்னியாவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தார். இதே கல்லூரியில் படித்துக்கொண்டே 1940 வாக்கில் ஜூடோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பிறகு போர் வந்தது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் இருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போகவேண்டியதாயிற்று. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். சான் ஹோசே பகுதி மக்களை வரவழைத்துப் பதிவு செய்து அனுப்பிய இடம் எது தெரியுமா? இந்தக் கல்லூரியின் ஆண்கள் உடற்பயிற்சிக் கூடம். உச்சிடா அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிக்கொண்டிருக்க, அவருடைய குடும்பத்தார் முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

போர் முடிந்து திரும்பியவர் மறுபடி அதே கல்லூரிக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்க வந்தார். பின்னாளில் அந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கே 1997இல் அவர் பெயரை வைத்தார்கள். நான் அந்தச் சுவரில் கை வைத்து நின்றேன். குடும்பம் குடும்பமாகப் பெட்டியோடு வரிசையில் நின்ற வாசல், இன்று ஜூடோப் பிள்ளைகள் தோள்பையோடு ஓடும் வாசல்.

உச்சிடா செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது எடைப்பிரிவு. ஜப்பானில் ஜூடோவுக்கு எடைப் பாகுபாடு அப்போது கிடையாது. சின்னவன் பெரியவனை வீழ்த்துவதில்தான் கலை இருக்கிறது என்பது மரபு. உச்சிடாவும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஹென்றி ஸ்டோனும் அமெரிக்க மாணவர்களைப் பார்த்தார்கள். எடையில் அத்தனை ஏற்றத்தாழ்வு. எடைப்பிரிவு வகுத்தார்கள், விதிகளை எழுதினார்கள், அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வைத்தார்கள். 1953இல் அந்தச் சங்கத்தின் முதல் தேசிய ஜூடோப் போட்டி சான் ஹோசேயில் நடந்தது. 1962இல் கல்லூரிகளுக்கான முதல் தேசியப் போட்டி, சாம்பியன் சான் ஹோசே. அதற்குப் பிறகும் பெரும்பாலான ஆண்டுகளில் அவர்களே. காலையில் அந்த முதியவர் கையால் எழுதிக்கொண்டிருந்த எண்களுக்கு இவ்வளவு வரலாறு இருக்கிறது.

1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றபோது அமெரிக்க அணிக்கு உச்சிடா பயிற்சியாளர். நான்கே வீரர்கள்: யூதரான ஜிம் பிரெக்மன், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஹாரிஸ், ஜப்பானிய அமெரிக்கரான பால் மருயாமா, ஷையன் பழங்குடி வழிவந்த பென் நைட்ஹார்ஸ் கேம்பெல். பிரெக்மன் வெண்கலம் வாங்கினார். கேம்பெல் பின்னாளில் கொலராடோவின் செனட்டர் ஆனார். முள்வேலிக்குள் குடும்பத்தை வைத்த நாட்டின் சட்டையை அணிந்துகொண்டு, தன் பெற்றோரின் நாட்டில் அந்த அணியை நடத்திச் சென்ற மனிதரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உச்சிடா 2024இல், 104ஆம் வயதில் காலமானார்.

அதே வளாகத்தில் புல்வெளி நடுவே இன்னொன்றும் இருக்கிறது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்திய டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் சிலைகள். இருவரும் இந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்கள். இரண்டாம் இடம் பெற்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனின் படி மட்டும் காலியாக இருக்கிறது. பார்க்க வருபவர்கள் அதில் ஏறி நிற்கட்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். நானும் ஏறி நின்றேன். ஓட்டப் பந்தயம், ஜூடோ இரண்டிலும் இந்த நாட்டிடம் நியாயம் கேட்ட மனிதர்கள் ஒரே கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார்கள்.

போட்டி முடிந்ததும் மாலையில் ஜாக்சன் தெருப் பக்கம் ஜப்பான் டவுனுக்குப் போனோம். அமெரிக்காவில் மிஞ்சியிருக்கும் மூன்று ஜப்பான் டவுன்களில் இது ஒன்று. சான் ஹோசே விமான நிலையத்துக்குப் பெயர் தந்த நார்மன் மினேட்டா இந்த ஊரில் பிறந்தவர். பத்து வயதில் அவரைக் குடும்பத்தோடு முகாமுக்கு ரயிலேற்றியபோது அவர் கையில் இருந்த பேஸ்பால் மட்டையைக் காவல் வீரர்கள் ஆயுதம் என்று பறித்துக்கொண்டார்கள். அந்தச் சிறுவன் 1971இல் இந்த ஊருக்கே மேயரானார். முகாம்வாசிகளிடம் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தங்கை மகள் கழுத்தில் மூன்றாம் பரிசுப் பதக்கத்தோடு மோச்சி தின்றுகொண்டு அந்தத் தெருவில் நடந்தாள்.

எனக்கு எங்கள் ஊர் ஆசான் நினைவுதான். திருநெல்வேலிச் சீமையில் மாலை நேரத்தில் களத்துமேட்டில் எங்களுக்குக் கம்பு சுற்றக் கற்றுக்கொடுத்தவர். சலாம் வரிசையில் தொடங்கி, காலடி வைப்பு, வீச்சு, தடுப்பு என்று படிப்படியாக. காசு வாங்கியதில்லை. சிலம்பம் ஜூடோவுக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை என்று நான் மனதார நம்புகிறேன். கானோ ஜிகோரோ ஜூடோவை 1882இல் டோக்கியோவில் ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த அறையில் தொடங்கினார். நம் சிலம்பம் அதைவிடப் பழையது. ஆனால் அவர்களிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே எடை மேசைதான். நம்மிடம் சங்கங்கள் பல, விதிகளும் பல. ஒரு சங்கத்தில் புள்ளி தரும் தொடுகை அடுத்த சங்கத்தில் கணக்கில் வராமல் போகலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது நல்ல தொடக்கம். அது போதாது.

இங்கே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ்ப் பள்ளிகள் உண்டு, தமிழ் மன்றம் உண்டு, கோயில் உண்டு. ஆண்டு விழா மேடையில் பிள்ளைகள் பாட்டுக்கு ஏற்பக் கம்பு சுற்றுகிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு ஆடி ஜெயிக்கவும் தோற்கவும் ஒரு களம் வேண்டும். வயதுப் பிரிவு, எடைப் பிரிவு, தலைக்கவசம், எழுதி வைத்த விதி, பயிற்சி பெற்ற நடுவர் இவ்வளவும் வேண்டும். தமிழ்நாட்டு ஆசான்கள் உட்கார்ந்து பேசி ஒரே விதிப் புத்தகத்தை அச்சிட்டுக் கொடுத்தால் இங்குள்ளவர்கள் நடத்திக்காட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை, ஒரு பள்ளி அரங்கு, ஒரு எடைக்கருவி, நான்கு தன்னார்வலர்கள். இதைப் படிக்கும் வளைகுடாப் பகுதித் தமிழ்ப் பெற்றோர் யாராவது அடுத்த ஆண்டு பொங்கலுக்குள் தொடங்குங்கள். எடை மேசையில் உட்கார ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், என் தங்கையும் மாப்பிள்ளையும் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

அடுத்த இதழில் ஆல்டமான்ட் கணவாய்க் காற்றாலைகள்.