கப்பலேறிய கடிதமும் கரையில் தங்கிய குறிப்பும்

கடல் கடந்து மறைப்பணிக்குப் போனவரோடு உறவு அறாமல் காப்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் கடிதத்தை விட்டால் வேறு வழியில்லை. புதுவையிலிருந்து இயேசு சபைப் பாதிரிமார் எழுதியவை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாரிசை அடையும். மறுமொழி வர ஓராண்டுக்கு மேலாகும். சீனம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவற்றோடு சேர்த்து, 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாக அவை அச்சேறின. பயண நூல்போல் பலர் விரும்பிப் படித்தார்கள்.

அவர்களுள் பாதிரியார் கெர்து என்னைப் பெரிதும் ஈர்ப்பவர். 1742இல் அவர் எழுதிய கடிதம் நம் சாயத்தொழிலைப் பற்றியது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியைப் பதப்படுத்துவது, சாயவேரால் சிவப்பேற்றுவது என ஒவ்வொரு படியும் அதில் உண்டு. புதிதாக மதம் தழுவிய தொழிலாளரிடம் கேட்டறிந்தது அது. தலைமுறைகளாகக் கைகளில் இருந்த நுட்பம் இப்படித்தான் கப்பலேறியது. ஊழியரின் நலம் விசாரிக்கும் கடிதமா, தொழில் வேவா? இரண்டும்தான் என்பேன்.

1767இல் பாரிசு அறிஞர்களுக்குச் சமஸ்கிருதம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றின் உறவை விளக்கி எழுதினார். 1786இல் வில்லியம் ஜோன்ஸ் பேசிப் புகழ்பெற்ற அதே கருத்து. ஆனால் கெர்துவின் விளக்கம் அச்சானது 1808இல். மொழியியல் வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் அவருக்காக வருந்துவார்கள். நான் உடனே ஆனந்தரங்கப் பிள்ளையை எடுப்பேன்.

1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, இன்று சம்பா கோவில் என நாம் வழங்கும் மாதா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் ஆலயம் இடிக்கப்பட்டது. கெர்து பெரிய சம்மட்டியோடு வந்து, இலிங்கத்தைக் காலால் உதைத்து உடைத்தார் என்று பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. மொழிகளின் உறவைக் கண்ட அறிஞர்தான் இவரும். ஒருவரைக் காட்டி மற்றவரை மறைக்க எனக்கு மனமில்லை. ஊழியரின் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு அவரை அறிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கு இந்தச் சம்மட்டி கண்ணில் பட வழியே இல்லை.

சாயக் கடிதம் மறு ஆண்டே பாரிசில் அச்சாகிவிட்டது. பிள்ளையின் நாட்குறிப்போ 1846இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் வரத் தொடங்கியது. அவர் எழுதிய தமிழிலேயே அது நூலாக வெளிவரத் தொடங்கியது 1948இல்.