திரையிலிருந்து தரைக்கு

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பையன் இருப்பான். செல்போனில் விளையாட உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துவிடும். பக்கத்தில் பாட்டி இருப்பதும் மறந்துவிடும். அந்த விளையாட்டில் நமக்கு இடமில்லையே என்பதுதானே நம் மனத்தாங்கல்?

இதற்கு ஒரு வழி பிறந்து வெகு காலமாகிறது. 1980இல் ஜப்பானில் ‘பாக்-மேன்’ என்ற வீடியோ கேம் வந்தது. 1982இலேயே அமெரிக்காவின் மில்டன் பிராட்லி கம்பெனி அதை அட்டைக்கு இறக்கிவிட்டது. பிளாஸ்டிக் பொம்மை கோலிக்குண்டுகளை ‘லபக் லபக்’ என்று விழுங்கிக்கொண்டே போகும்!

2017இல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ்’ பலகை ஆட்டம் இன்னும் சாமர்த்தியமானது. திரையில் அரக்கன் எப்படிப் பாய்வான் என்பதைத் தோற்றுத் தோற்றுத்தான் கற்க வேண்டும். பலகையில் அதைச் சீட்டுகள் சொல்கின்றன. கட்டுத் தீர்ந்ததும் கலைப்பதில்லை. அதே வரிசையில் மறுபடியும் எடுக்கிறார்கள். ஞாபகம் உள்ளவர் பிழைப்பார்!

அதிலுள்ள குட்டிப் பொம்மைகளுக்குத்தான் எத்தனை மோகம்! ஆட்டம் தயாராகுமுன்பே, 2016இல், 30,000 பேருக்கு மேல் பணம் கட்டிவிட்டார்கள். சிரிக்காதீர்கள். கொலுவுக்கு வருஷம் ஒரு பொம்மையாவது புதிதாக வாங்கும் நாம் சிரிக்கலாமா?

சென்ற நவராத்திரிக்குச் சென்னையிலிருந்து செம்பட்டிக்கு வந்திருந்த என் பேரனிடம் இதைச் சொன்னேன். அந்த விலைக்கு நாம் எங்கே போவது? கொலுவை எடுத்துவைத்த அன்று, பழைய காலண்டர் அட்டையில் கட்டம் போட்டான். தாயக்கட்டை என்னுடையது. தஞ்சாவூர்த் தலையாட்டி, அரக்கன். கல்யாண செட்டிலிருந்த மாப்பிள்ளை, வீரன். அரக்கனின் பாய்ச்சல்களை எட்டுச் சீட்டில் எழுதினான்.

என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. பார்வை மங்கல். ஊஞ்சலில் இருந்தபடி ஒவ்வொரு சீட்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் திடீரென்று, “அடுத்தது இடப்பக்கம் பாய்வான்டா, ஓடிடு!” என்று கத்தினார். சீட்டைத் திருப்பினால், அப்படியே இருந்தது!

பேரன் வாயடைத்துப் போனான். மறுநாள் காலையில் பல் தேய்த்த கையோடு, “கொள்ளுப்பாட்டி, நீங்க என் கட்சி” என்று ஊஞ்சலடியில் போய் உட்கார்ந்துகொண்டான். வந்த பத்து நாளில் அவனாக அவரிடம் போனது அதுதான் முதல் தடவை.

நீங்களும் செய்து பாருங்களேன். “இந்த ஆட்டத்தை எனக்கு அட்டையில் போட்டுக் கொடு” என்று கேளுங்கள். விதி சொல்லிக் கொடுக்கும் பெருமையில் பிள்ளைகள் தாமாகவே நம் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.