சணப்பை வேறு, கஞ்சா வேறு

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளப்பட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். ரயிலில் வந்தால் அம்பாத்துரையில் இறங்க வேண்டும். கிழக்கே சிறுமலை, அடிவாரத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய இடத்தில் கதர், கஸ்தூரிபா மருத்துவமனை, சித்த மருந்து தயாரிப்பு, கிராமியப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாக வளர்ந்தன. போதை ஒழிப்பை நிர்மாணத் திட்டத்திலேயே சேர்த்தவர் காந்தி. அவர் பெயர் தாங்கிய ஊர் டீக்கடையில் இப்போது வேறு பேச்சு: ‘கஞ்சா பயிரிட அனுமதி வரப்போகுதாமேண்ணே, ஏக்கருக்கு லட்சக்கணக்குல கிடைக்குமாமே?’ எல்லாம் செல்போன் வீடியோக்கள் செய்கிற வேலை.

பேச்சில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமே, நாருக்கும் விதைக்கும் மட்டும் இந்தச் செடியை வளர்க்க அரசு அனுமதிக்கலாம் என்கிறது. உத்தரகண்ட் அரசு 2018-ல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. 2021-ல் இதன் விதையும் விதை எண்ணெயும் உணவுப்பொருளாக அனுமதிக்கப்பட்டன. ‘ஹெம்ப்’ என்று வீடியோக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் ஹெம்பும் கஞ்சாவும் ஒரே இனம். போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவிகிதத்துக்குள் இருந்தால் ஹெம்ப், தாண்டினால் கஞ்சா. கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். நார் ரகங்கள் பெரும்பாலும் நீண்ட பகல் உள்ள குளிர்நாடுகளுக்கு உருவானவை. நம் ஊரின் குறுகிய பகலில் சீக்கிரம் பூத்து, குட்டையாக நின்றுவிடும். நார் எங்கே கிடைக்கும்? அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. விவசாயியின் வயல் அதற்கான இடமல்ல.

போதைக்கே அனுமதிப்பது தனி விவாதம். தாய்லாந்து 2022-ல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆளாளுக்கு நட்டார்கள், வரத்து பெருகி விலை சரிந்தது. 2025-ல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று அரசு பின்வாங்கியது. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விற்றவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் பெயரால் ஒரு குழப்பம். பசுந்தாள் உரமாக நாம் விதைக்கும் சணப்பைக்கு ஆங்கிலத்தில் ‘சன்ஹெம்ப்’. அதனால் ‘சணப்பை போட்டா போலீஸ் வருமா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வராது. சணப்பை பயறுவகைக் குடும்பம். மஞ்சள் பூ, வேரில் முடிச்சு, காற்றுத் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். கஞ்சாவுக்கு விரல்கள் விரித்தாற்போல் ரம்பப் பல் இலை. வேர் முடிச்சு கிடையாது.

உண்மையான ஆபத்து மலையடிவாரத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, டவுனில் குடியிருப்பவர்களுக்குத்தான். அனுமதியின்றி இந்தச் செடியை வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘இலைக்குத்தான் வளர்த்தேன்’ என்பது செல்லாது. தன் நிலத்தில் செடி நிற்பது தெரிந்தும் தகவல் சொல்லாத நில உரிமையாளருக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. குத்தகைப் பத்திரத்தில் இன்ன பயிர்தான் என்று எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறையாவது ஊடுபயிர் வரிசைகளுக்குள் நடந்து பாருங்கள். மக்காச்சோளம் ஆள் உயரம் வந்துவிட்டால் வரப்பில் நின்று பார்ப்பது போதாது.