எம் சிற்றப்பாவின் குடை

சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றங்கரையிலுள்ள எம் ஊர். ஆற்றின் அணைக்கட்டு நீரால் அங்கு நெல்லும் கரும்பும் செழிக்கும். வெயிலும் அவ்வாறே செழிக்கும். ஆண்டில் இருமுறை, சித்திரையிலும் ஆவணியிலும், நண்பகல் ஞாயிறு உச்சந்தலைக்கு நேரே நிற்க, அவரவர் நிழல் அவரவர் காலடியில் ஒடுங்கும்.

அவ்வூரில் ஆண்டு முழுதும் குடையொடு நடந்தவர் எம் சிற்றப்பா ஒருவரே. பிறவியிலேயே அவர்க்குத் தோலிலும் மயிரிலும் நிறமில்லை. கரும்புக் கொல்லைக்கும் குடை. ஞாயிறுதோறும் கோயிலுக்கும் குடை. சிறுவராயிருந்த யாம் தோழரொடு கூடி, "துரை வருகிறார்" என்று எள்ளி நகைப்போம். ஒருநாள் அக்குடையை வைக்கோற் போரில் ஒளித்தும் வைத்தோம். அவர் சினந்திலர், மறுநாள் முதல் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு குடையின்றியே சென்றார். யாம் வென்றதாகவே எண்ணினோம்.

சென்ற கோடை விடுமுறையில் அவரது வலச்செவி மடலில் மிளகளவான புண் ஒன்றைக் கண்டோம். எப்பொழுது வந்ததென வினவினோம். "தை அறுவடைக்கு முன்னே வந்தது, தம்பி. மஞ்சள் அரைத்துப் பூசுகிறேன். ஆறுவதுபோல் ஆறி, மறுபடி பொருக்கு விடுகிறது" என்றார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் புண்ணிற் சிறிது கிள்ளியெடுத்துச் சோதிக்கச் செய்து, தோற்புற்று என்றார். பரவுமுன் கண்டமையால் அறுவையால் நீக்கலாம் என்றும் தேற்றினார். அவ்வாறே நீக்கப்பட்டது.

அதன் பின்னரே யாம் இதுபற்றிக் கற்கலானோம். ஞாயிற்றொளியில் கண்ணுக்குப் புலனாகாப் புறவூதாக் கதிர்கள் உள. அவை தோலின் உயிரணுக்களிலுள்ள மரபுப்பொருளைச் சிதைக்கும். அச்சிதைவு பல்லாண்டு திரண்டு புற்றாகக்கூடும். மெலனின் என்னும் கருநிறமி அக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துக் காக்கும். அஃது இயற்கை எமக்களித்த குடை. பிறவிக் குடையுடைய யாம், அஃதில்லாத ஒருவர் கையிலிருந்த துணிக்குடையைப் பறித்தோமே என்று எம் நெஞ்சு நொந்தது. எம் செயலே நோய்க்குக் காரணமென எவரும் கூறிலர். ஆயினும் எம் உள்ளம் அதனை மறக்கவில்லை.

நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் பொழுதெல்லாம் வெயில் கொடியது என்றறிக. முண்டாசு செவியையும் பிடரியையும் மறைப்பதில்லை. குடையும் அகன்ற தொப்பியும் மறைக்கும். நிறமி குன்றியோர்க்கு நீண்ட கைச்சட்டையும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூச்சும் இன்றியமையாதன. வெண்ணிறத்தார் மிகுந்த ஆஸ்திரேலியாவில் 1981 முதல் சட்டை அணிக, பூச்சிடுக, தொப்பி வைக்க என்று சிறுவர்க்கும் புகட்டி வருகின்றனர்.

கருநிறத்தோர்க்குத் தோற்புற்று அரிதே, ஆனால் இல்லையென்பதன்று. வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் அது தோன்றக்கூடும். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977-இல் புற்று கண்டறியப்பட்டது. அது பரவ, 1981-இல் தம் 36-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஆதலின், ஒரு திங்களாகியும் ஆறாத புண், பழைய தீத்தழும்பில் எழும் புண், வடிவோ நிறமோ அளவோ மாறும் மச்சம், உள்ளங்காலிற் புதிதாய்த் தோன்றும் கருந்திட்டு ஆகியவற்றை முள் தைத்த வடு என்று தள்ளிவிடாது மருத்துவரிடம் காட்டுக. முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்த நாடு இது. அஞ்சி மறைத்தற்குக் காரணமில்லை.

எமக்குக் கிடைத்த உதவித்தொகையில் ஒரு பெருங்குடை வாங்கிச் சென்று சிற்றப்பாவிடம் கொடுத்தோம். விரித்துப் பார்த்துவிட்டு, "வைக்கோற் போரில் வைத்ததைவிட இது பெரிதாயிருக்கிறது, தம்பி" என்றார்.

ஒளித்தவர் யாரென்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.