நாவலூரில் ஆம்பிளிஃபயர் கட்டும் பட்டறை

சிடி பிளேயரிலிருந்து வெளிவரும் ஒலிக்குறிப்பு ஏறத்தாழ 2 வோல்ட். செல்போனிலிருந்து வருவது அதிலும் குறைவு. ஸ்பீக்கரின் கூம்பை அசைப்பதற்கு வேண்டிய மின்னோட்டம் இரண்டிலும் கிடையாது. அந்த மெலிந்த குறிப்பைப் பதினைந்து, இருபது மடங்கு உயர்த்தி, சில ஆம்பியர் மின்னோட்டத்தையும் சேர்த்து, வடிவம் சிதையாமல் ஸ்பீக்கரிடம் ஒப்படைப்பது ஆம்பிளிஃபயரின் வேலை. பெரிதாக்குவது எளிது. வடிவம் சிதையாமல் பெரிதாக்குவதில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் ஆம்பிளிஃபயரைக் கையால் கட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வால்வு ரேடியோ பழுதுபார்த்தவர்கள் கல்யாண வீட்டு மைக்செட்டுக்கு மாறினார்கள். 1980களிலும் 90களிலும் சான்யோவின் எஸ்டிகே வகை ஐசிகளை வைத்து டீக்கடைக்கும் தனியார் பேருந்துக்கும் டேப் செட் கட்டிக்கொடுத்தார்கள். இவர்களுக்கெல்லாம் சரக்கு வந்த இடம் சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெரு. போர்டு, டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர், ஹீட் சிங்க், இரும்புப் பெட்டி, வால்யூம் திருகு என எல்லாம் இன்றும் அந்தச் சில சந்துகளுக்குள் கிடைக்கின்றன. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முழு அமைப்பையும் ‘செட்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். லட்ச ரூபாய் இறக்குமதிக் கருவிக்கும் அவர்களிடம் அதே பெயர்தான்.

இக்கட்டுரைக்காகப் பார்த்த பட்டறை நாவலூரில், ராஜீவ் காந்தி சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வயலும் ஏரியுமாக இருந்த ஊர் இது. சிறுசேரி சிப்காட்டும் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களும் வந்தபின் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக உயர்ந்துவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, சுவரோரம் நீளமான மேசை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு பழைய அலைகாட்டி. வேலை செய்பவர்கள் இருவர். மூத்தவர் டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். இளையவர் ஐடிஐ-யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவர். மூத்தவரை ‘அண்ணே’ என்று அழைக்கும் இளையவரிடம் அவர் ‘தம்பி, சூடு பாத்தியா?’ என்று கேட்பதே அங்கு அடிக்கடி காதில் விழும் பேச்சு. அந்தக் கேள்வியின் பொருள் பின்னால் வருகிறது.

வேலை டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்குகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட்டுக்குச் சற்று மேல் தரும் செட் என்றால் 35-0-35 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எனாமல் பூசிய செம்புக் கம்பியை ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று என்று கணக்கிட்டுச் சுற்ற வேண்டும். கம்பி மிச்சம் பிடிக்கச் சுற்றைக் குறைத்தால், இரவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டைத் தாண்டும்போது இரும்புத் தகடுகளின் காந்தம் நிரம்பி டிரான்ஸ்ஃபார்மர் உறுமத் தொடங்கும். செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி சுற்றி விற்பதும் உண்டு. பட்டறையில் அதைக் கண்டுபிடிக்கும் முதல் வழி கையில் தூக்கிப் பார்ப்பது. அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 35 வோல்ட் மாறுமின்னோட்டம் டயோடுகளையும் கெப்பாசிட்டர்களையும் கடந்தபின் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னோட்டமாகிறது. பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் வைக்கிறார்கள். இவ்வளவு எதற்கு என்று கேட்பவருக்கு மிருதங்கத்தைச் சொன்னால் போதும். வீட்டில் கேட்கும் சத்தத்துக்குப் பெரும்பாலான நேரம் 1 வாட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ஓர் அழுத்தமான அடி விழும் நொடியில், சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகும் ஒலிக்கு 100 மடங்கு ஆற்றல் வேண்டும். அந்த நொடியில் கொடுப்பதற்குக் கெப்பாசிட்டரில் சேமிப்பு இல்லாவிட்டால் அடி மழுங்கிவிடும். பெட்டியின்மேல் அச்சடித்த ‘1000 வாட் பிஎம்பிஓ’ போன்ற எண்களை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் குறிக்கும் ஆர்எம்எஸ் வாட்டையும் டிரான்ஸ்ஃபார்மரின் எடையையும் கேட்பவரே விவரம் தெரிந்த வாடிக்கையாளர்.

அடுத்தது டிரான்சிஸ்டர். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் மிகப் பரவலாகப் புழங்கும் ஜோடி தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943. பேச்சில் ‘ஐம்பத்திரண்டு நூறு’, ‘பத்தொன்பது நாற்பத்திமூணு’ என்பார்கள். ஒவ்வொன்றும் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் வரை தாங்குவதாக நிறுவனம் குறிப்பிடுகிறது. இவற்றின் போலிகள் உலகச் சந்தை முழுவதும் நிறைந்திருக்கின்றன. உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு சிறியதாக இருப்பதால் போலி முழுச் சுமையில் நொடியில் வெந்துவிடும். தொகுப்பாக வாங்கிய டிரான்சிஸ்டர்களில் ஒன்றை உடைத்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பயன்படுத்துகிறார் மூத்தவர். ஒன்று வீணாகிறதே என்று அவர் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு போலி போகும்போது வாடிக்கையாளரின் ஸ்பீக்கரையும் சேர்த்துக்கொண்டு போகும் என்பது அவருக்குத் தெரியும்.

இனி ‘சூடு பாத்தியா’ என்ற கேள்வி. பெரும்பாலான வீட்டு ஆம்பிளிஃபயர்கள் கிளாஸ் ஏபி என்ற முறையில் இயங்குகின்றன. ஒலி அலையின் மேல் பாதியை 5200-ம் கீழ்ப் பாதியை 1943-ம் சுமக்கின்றன. ஒன்று மற்றொன்றிடம் அலையைக் கைமாற்றும் இடம் பூஜ்யம். டிரான்சிஸ்டர் ஏறத்தாழ 0.6 வோல்ட் கிடைக்கும்வரை விழிக்காது. ஆகவே கைமாறும் இடத்தில் அலையில் ஒரு பள்ளம் விழுகிறது. உரத்த பாட்டில் இந்தப் பள்ளம் மறைந்துவிடும். மெல்லிய ஒலியில் அது துருத்திக்கொண்டு நிற்கும்: தம்புராவின் நாதம், வீணைத் தந்தி அடங்கும் கடைசி நொடிகள், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளி. இவையெல்லாம் சொரசொரப்பாகக் கேட்கும்.

இதைத் தவிர்க்க இரண்டு டிரான்சிஸ்டர்களையும் சிறிது மின்னோட்டத்தால் எப்போதும் விழிப்பில் வைக்கிறார்கள். இதுதான் பயாஸ். டிரான்சிஸ்டரோடு தொடராக இணைத்த 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளில் மீட்டரை வைத்து, 11 மில்லிவோல்ட் காட்டும்வரை ஒரு சிறு திருகைத் திருப்பினால் 50 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று பொருள். திருப்புவதற்கு ஒரு நிமிடம் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடேறினால் அது விழிக்கத் தேவையான மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. அதனால் மின்னோட்டம் கூடும், கூடினால் சூடு கூடும், சூடு மறுபடி மின்னோட்டத்தைக் கூட்டும். இப்படியே விட்டால் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். இதைத் தடுக்க பிடி139 என்ற சிறிய டிரான்சிஸ்டர் ஒன்று காவல் இருக்கிறது. அது பெரிய டிரான்சிஸ்டர்களின் சூட்டை உணர்ந்து பயாஸைத் தானே குறைக்கும். உணர வேண்டுமானால் அது அதே ஹீட் சிங்க்கில் அழுந்தப் பதிந்திருக்க வேண்டும். சந்தையில் விற்கும் சில போர்டுகளில் அது தனியே காற்றில் நிற்கிறது. நாவலூர்ப் பட்டறையில் அதைக் கழற்றி, கம்பி நீட்டி, மின்காப்புக்கு மைக்கா வைத்து ஹீட் சிங்க்கில் திருகுகிறார்கள். பிறகு செட்டை ஓடவிட்டு இருபது நிமிடம் கழித்து ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொருமுறை மீட்டரைப் பார்க்கிறார்கள். மே மாதத்துச் சென்னையில் அறையே 35 டிகிரி இருக்கும்போது இந்த இரண்டாவது பார்வையைத் தவிர்க்கவே முடியாது. கையால் கட்டும் செட்டில் நல்லதையும் மட்டமானதையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரம்தான்.

புதிதாகக் கட்டிய செட்டுக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பதில்லை. பழைய குண்டு பல்பு ஒன்றை வரிசையில் இணைத்த சீரிஸ் போர்டு வழியாகத்தான் முதல் உயிர். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். ஸ்பீக்கர் முனையில் நேர்மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பீக்கரை மாட்டுகிறார்கள்.

இந்த வேலைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் சுற்றியுள்ள குடியிருப்புகளில் இருப்பவர்கள். பலர் வெளிநாட்டு ஸ்பீக்கர் வாங்கியபின் அதற்கேற்ற ஆம்பிளிஃபயர் தேடி வருகிறார்கள். சிலர் வால்வு ஆம்பிளிஃபயர் கேட்கிறார்கள். 1947-ல் இங்கிலாந்தின் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் வில்லியம்சன் வெளியிட்ட வால்வு வரைபடம் உலகெங்கும் வீட்டிலேயே தரமான செட் கட்டும் ஆர்வத்தைக் கிளப்பியது. வால்வின் ஒலிக்கு ஒரு மென்மை உண்டு என்பதை அதை விரும்புகிறவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அந்த மென்மையில் ஒரு பகுதி வால்வு சேர்க்கும் இரண்டாம் வரிசைச் சிதைவு என்பது அளந்து அறிந்த உண்மை. பிடித்திருந்தால் கேட்பதில் தவறில்லை. டிரான்சிஸ்டர்களை எப்போதும் முழு விழிப்பில் வைக்கும் கிளாஸ் ஏ முறையை விரும்புகிறவர்கள் மட்டும் ஒரு கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது: பக்கத்துக்கு 50 வாட் கிளாஸ் ஏ என்றால் பாட்டே ஓடாதபோதும் இரு பக்கமும் சேர்ந்து குறைந்தது 200 வாட் சூடாக அறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இந்த வட்டாரத்தில் ஓயாத விவாதம். 1987-ல் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் ஏறத்தாழ 220 டாலரிலிருந்து 12,000 டாலர் வரை விலையுள்ள ஆம்பிளிஃபயர்களைச் சத்தம் சமமாக வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் பலரைக் கேட்க வைத்தது. நம்பத்தகுந்த விதத்தில் அவர்களால் வேறுபாடு காண முடியவில்லை. இதை வைத்து எல்லா ஆம்பிளிஃபயரும் ஒன்றே என்று முடிவுகட்டிவிட முடியாது. ஒழுங்காகக் கட்டப்பட்டு, தன் எல்லைக்குள் இயங்கும்வரை அவை மிக நெருங்கியவை. அந்த ‘ஒழுங்காக’ என்ற சொல்லுக்குள்தான் மேலே சொன்ன பயாஸும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கின்றன.

வேறுபாடு மலைபோல் நிற்பது அறையில். நாவலூரின் புதிய வீடுகளில் கூடத்துக்குப் பளபளக்கும் டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, பால்கனிக்கு அகலமான கண்ணாடிக் கதவு. கைதட்டினால் ஒலி தெறித்துத் திரும்பும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 12 அடி என்றால் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் ஒலி அறைக்குள் நிலைத்து நின்று ஊதிப் பெருகும். பேஸ் அதிகமாக இருக்கிறது, ஆம்பிளிஃபயரைச் சரிசெய்யுங்கள் என்று பட்டறைக்கு வரும் புகார்களில் பல இந்த 12 அடியின் வேலை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தி, நாற்காலியையும் பின்சுவரை ஒட்டிப் போடாமல் விலக்கினால் பாதிச் சிக்கல் தீரும். தரையில் பவானி ஜமக்காளம் விரித்தால் உயர் ஒலியின் தெறிப்பு அடங்கும். தாழ்ந்த ஒலியை அது ஒன்றும் செய்யாது. அதற்கு மூலைகளில் கனமான பஞ்சு மெத்தை போன்ற தடித்த பொருள் வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளுக்கே உரிய இன்னொரு தொல்லை ஹம். டிவியின் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒரு வழியாகவும், ஆம்பிளிஃபயரின் மூன்று முனை பிளக் இன்னொரு வழியாகவும் எர்த்தைத் தொட்டால், இரண்டுக்கும் நடுவே ஒரு சுற்று உண்டாகி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நுழைகிறது. சிலர் பிளக்கின் எர்த் முனையை எடுத்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அது உயிருக்கு ஆபத்து. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் இணைத்து, கேபிள் வரும் இடத்தில் தனிப்பிரிப்பான் போடுவதே சரியான வழி. கடல் சில கிலோமீட்டரில் இருப்பதால் ஈரமான உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஸ்பீக்கரின் ஃபோம் விளிம்பு சில ஆண்டுகளில் பொடிந்துபோகும், இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும். ரப்பர் விளிம்புள்ள ஸ்பீக்கர் இந்தக் கரையோரத்துக்கு ஏற்றது.

செட் முடிந்ததும் வாடிக்கையாளர் வந்து கேட்டுப் பார்ப்பது வழக்கம். தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ பரவத் தொடங்கிய காலத்து ‘ப்ரியா’ (1978), இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘ரோஜா’ (1992) ஆகியவை அப்போது தவறாமல் ஓடும். பட்டறைக்காரரின் சோதனை வேறு. திருப்போரூர் முருகன் கோயிலில் மைக் இல்லாமல் கேட்ட நாதஸ்வரம் அவர் காதில் இருக்கிறது. அதற்கு எவ்வளவு பக்கத்தில் செட் வருகிறது என்று பார்க்கிறார். மின்கருவி வழியாக வராத ஓர் ஒலியை அளவுகோலாக வைத்திருப்பது, இந்தத் துறையில் பார்த்த நல்ல பழக்கங்களில் முதன்மையானது.

இவ்வளவு நுட்பம் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கும் கூலி பொருட்செலவில் ஒரு சிறு பங்கே. வாடிக்கையாளர் டிரான்ஸ்ஃபார்மரின் விலையைக் கேள்வி கேட்பதில்லை, ஒரு மணி நேரம் காத்திருந்து பயாஸ் வைத்ததற்கான பணத்தில்தான் பேரம் தொடங்குகிறது. பட்டறைகளில் பரவலாகப் பயன்படும் சால்டர் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். அதன் நடுவிலுள்ள ரோசின் உருகும்போது எழும் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். நாவலூர்ப் பட்டறையில் புகை போக ஒரு சன்னல் மட்டுமே இருக்கிறது, மழைக்காலத்தில் அதுவும் மூடிக்கிடக்கிறது. புகையை இழுத்து வெளியே தள்ளும் ஒரு சிறிய எக்சாஸ்ட் ஃபேனின் விலை, இந்த வட்டாரத்தில் பலர் வாங்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிளின் விலையைவிடக் குறைவு. கையால் கட்டிய செட் வாங்கச் செல்பவர்கள் கேபிளில் சிக்கனம் பிடிக்கட்டும். கூலியில் பிடிக்க வேண்டாம். அந்த ஃபேனையும் தங்கள் செலவில் மாட்டிக்கொடுக்கட்டும்.