ஆசிரியர் அறையில் பழைய படங்கள்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்கள் மேசையில் இல்லாத காலை வேளை என்பது ஆசிரியருக்குக் கிடைக்கும் அரிய பேறு! எழுத எண்ணி நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த ஒன்றை இன்று எழுதிவிடலாம் என அமர்ந்துள்ளேன். இன்றைய பதிவு பாடத்திட்டத்தைப் பற்றியதன்று, திரைப்படத்தைப் பற்றியது. ஆசிரியை ஒருத்திக்கு இது தேவைதானா என முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள்க.

எங்கள் பள்ளியில் பழைய படப் பைத்தியங்கள் ஐவர் இருக்கிறோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது பற்றிக்கொண்ட பைத்தியம் இது. வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்த நாள்களில், 'நேற்று இந்தப் படம் பார்த்தேன், நீங்களும் பாருங்கள்' என ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினோம். பள்ளி திறந்த பின்னரும் அது நிற்கவில்லை. இரண்டு வாரத்திற்கு ஒருவர் ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் பார்த்துவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் சிற்றுண்டிச்சாலையில் தேநீரோடு விவாதம். படம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. வெளிவந்தபோது தோற்றுப் பின்னாளில் கொண்டாடப்பட்ட படங்களுக்கு மட்டும் விலக்கு. 'அன்பே சிவம்' அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. 2003-இல் கவனிப்பாரற்றுப் போன படத்திற்கு இன்று எத்தனை அன்பர்கள்!

எங்களுள் மூத்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட ஆசிரியர். அவரை 'ஐயா' என்றே அழைப்போம். அவர் முதலில் சொன்ன படம் 'அந்த நாள்'. 1954-இல் ஏவி.எம். நிறுவனத்திற்காக வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கியது. பாடலே இல்லை, நடனமும் இல்லை. சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். பிறகு ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, இறந்தவன் யார் என்பது மாறிக்கொண்டே வருகிறது. பண்டரிபாய் கணவனை உற்று நோக்கும் ஒரு பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கதை நிகழ்வது 1943 அக்டோபரில், சப்பானியர் சென்னையின் மீது குண்டு வீசிய நாள்களில். படம் முடிந்த வெள்ளிக்கிழமை ஐயா ஒன்று சொன்னார். அதே அக்டோபர் மாதத்தில்தான் சயாம்–பர்மா இரயில் பாதையின் இரு முனைகளும் வந்து இணைந்தனவாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களுள் அவருடைய தாத்தாவின் தம்பியும் ஒருவர், திரும்பவில்லை. சென்னையில் இருந்து பார்த்தால் அந்தப் போர் வானொலிப் பெட்டிக்குள் இருக்கிறது. எங்களுக்கோ அது வீட்டுத் திண்ணையில் காலியாய்க் கிடந்த ஓர் இடம். அன்று தேநீர் ஆறிப்போயிற்று.

எல்லா வெள்ளியும் இப்படியே கழியும் என எண்ணிவிடாதீர்கள். ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' படத்திற்கு ஒரு போரே நடந்தது! 1978-இல் வந்த கருப்பு வெள்ளைப் படம். இளைய ஆசிரியை ஒருவர் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். ஐயாவுக்கு அறவே பிடிக்கவில்லை. 'இந்தப் பெண்ணுக்கு என்னதான் வேண்டும்?' என்று அவர் கேட்க, 'அதைத்தான் ஐயா படத்தில் வருகிற ஆண்களும் கேட்கிறார்கள்' என்றார் இவர். எங்கள் பள்ளியில் பணிபுரியும் மலாய் ஆசிரியை ஒருவர் பி. ரம்லி படங்களைக் கொண்டு வந்தார். ரம்லி கதாநாயகனாய் முதன்முதலில் நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கிய எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்று அவர்தாம் எங்களுக்குச் சொன்னார். எங்களுக்கு நாங்களே சொல்லியிருக்க வேண்டிய செய்தி.

இனி, இப்பதிவை எழுதத் தூண்டிய படத்திற்கு வருகிறேன்.

சென்ற தவணையில் நான் சொன்ன படம் 'உதிரிப்பூக்கள்'. 1979-இல் மகேந்திரன் இயக்கியது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' கதையிலிருந்து முளைத்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் குறுந்தட்டில் கொண்டு வந்து காட்டினார். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. இளையராஜாவின் இசையும் ஆற்றங்கரை முடிவும் நினைவில் தங்கின. தீயவன் ஒழிந்தான் என்ற மனநிறைவோடு விடுதிக்குத் திரும்பினேன். நல்ல படம் என்று மற்றவர்களுக்கு நான் சொன்னது அந்த நினைவை நம்பித்தான்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் பார்த்தபோது அது வேறு படமாய் இருந்தது.

விஜயன் நடித்த சுந்தரவடிவேலு அவ்வூரின் பெரிய மனிதர். பள்ளிக்கூடத்தை நடத்துபவரும் அவரே. அவர் கத்துவதில்லை, அடித்து நொறுக்குவதில்லை. மெல்லப் பேசுகிறார், மெல்லச் சிரிக்கிறார். நோயாளி மனைவி இலட்சுமியாக அசுவினி. அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். முதன்முறை பார்த்தபோது அக்குழந்தைகளை நான் பார்க்கவே இல்லை போலும். இம்முறை கண்கள் அவர்களைவிட்டு அகலவில்லை. பெரியவர்கள் பேசும் இடத்திலெல்லாம் எங்கேயாவது ஓரத்தில் அவர்கள் இருக்கிறார்கள். அப்பா வரும் ஓசை கேட்டால் விளையாட்டு நின்றுவிடுகிறது. மகேந்திரன் அதை உரையாடலால் சொல்லவில்லை. அசோக்குமாரின் ஒளிப்பதிவுக் கருவி பார்த்துக்கொண்டு இருக்கிறது, அவ்வளவே.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சுந்தரவடிவேலு எப்படிப்பட்டவர் என்பது ஊராருக்குத் தெரியும். தெரிந்தும் வணக்கம் சொல்கிறார்கள், வழிவிடுகிறார்கள். இறுதியில்தான் ஒன்றுகூடி அவரை ஆற்றில் இறங்கச் சொல்கிறார்கள். உங்களையும் என்னைப் போல் ஆக்கிவிட்டேனே என்னும் பொருள்பட அவர் அப்போது பேசுவார். இருபத்தொரு வயதில் அதை வில்லனின் கடைசி வசனமாகக் கேட்டேன். இப்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குச் சென்று சற்று நேரம் நின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில், மூன்றாம் ஆண்டு வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். அவளுடைய தந்தையார் பள்ளிக்கு வேண்டியவர். விளையாட்டுப் போட்டி நாளுக்குக் கூடாரம், குளிர்பானம், நகல் எடுக்கத் தாள்கட்டு என எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டார். மென்மையாகப் பேசுவார். ஆசிரியர்களைக் கண்டால் கைகூப்புவார். அவள் முகத்தில் அடிபட்ட தழும்பு எதையும் நான் கண்டதில்லை. ஆயினும் வெண்பலகையை அழிக்க நான் கையை உயர்த்தினால் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அவள் தோள்கள் குறுகும். 'என் குடும்பம்' என்ற கட்டுரையில் தாயைப் பற்றி ஒன்பது வரி, தம்பியைப் பற்றி ஆறு வரி. தந்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பள்ளி முடிந்த பிறகும், 'நாற்காலிகளை அடுக்கட்டுமா, டீச்சர்?' என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். எல்லா நாற்காலிகளும் முன்னரே அடுக்கப்பட்டிருக்கும்.

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். மூத்த ஆசிரியை ஒருவரிடம் மெல்லச் சொன்னேன். 'குடும்ப விசயம், நமக்கு எதற்கு வம்பு?' என்றார் அவர். உண்மையைச் சொல்வதென்றால், அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. கேட்க வேண்டியவரைக் கேட்டாயிற்று. என் கடமை முடிந்தது என்று வகுப்பிற்குப் போய்விட்டேன். ஆண்டின் நடுவில் அவளும் தம்பியும் பள்ளி மாறிச் சென்றார்கள். அவளுடைய பதிவில் குறிப்பு எழுதும் இடத்தில், 'அமைதியான மாணவி' என்று நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சிற்றுண்டிச்சாலையில் மற்றவர்கள் படத்தின் இசையைப் பற்றியும், சாருகாசன் முதன்முதலாய் நடித்த படம் இது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இடையில் புகுந்து இதைச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று எண்ணிப் போகவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு அவர்களுக்கு நன்றி. ஐயா நெடுநேரம் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, 'எனக்கு மூன்று பேர், டீச்சர்' என்றார். மூவரின் பெயரையும் ஆண்டையும் சொன்னார். அவற்றில் ஒன்று நான் பிறப்பதற்கு முந்திய ஆண்டு இல்லையே தவிர, நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது அறிவிப்புப் பலகையில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருந்தது. 15999 என்ற உதவி எண் மட்டும், பெரிய எழுத்தில். இளைய ஆசிரியையின் கையெழுத்து. அதைப் பற்றி நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஓரம் மட்டும் சற்றுச் சுருண்டுவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபது வயது கடந்திருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

அடுத்த முறை ஐயாவுடையது. 'போதும் அழுதது' என்று சொல்லி 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தைக் கொடுத்தார். நாகேசு கதை சொல்லச் சொல்ல பாலையா நடுங்குகிறாரே, அந்தக் காட்சியை என் மகனும் பக்கத்தில் அமர்ந்து பார்த்தான். பதின்மூன்று வயது, பழைய படம் என்றாலே எழுந்து போகிறவன். 'இன்னொரு முறை போடுங்கள், அம்மா' என்றான். போட்டேன். மூன்றாம் முறையும் போட்டேன்.

விடுமுறை முடிந்ததும் மீண்டும் என் முறை வருகிறது. என்ன படம் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தங்களுக்குத் தெரிந்த நல்ல பழைய படம் இருந்தால் எழுதுங்கள். நீண்ட நாளுக்கு முன் ஒரு முறை பார்த்து, கதை முழுதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் படமாய் இருந்தால் இன்னும் நல்லது.